கடைசி நிமிஷத்துல தோக்கறதுக்கு எத்தனை வருஷம் ஆகும்?

வாடா பேராண்டி, உக்காரு. பசியாறிட்டியா? இல்லையா? அப்ப விஷயம் பெருசுதான். உன் காலேஜ் ஹாக்கி டீம் இந்த வருஷமும் கவுத்துட்டானுங்கன்னு மூஞ்சியப் பார்த்தாலே தெரியுது. நீ தலையத் தொங்கப் போட்டுட்டு வாசல்ல நுழைஞ்சதைப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சோன்னு உன் பாட்டி பதறிட்டா. நான்தான் சொன்னேன், "பதறாத, ஆளுங்க எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க, பந்துதான் கோலுக்குள்ள போகல"ன்னு.

துக்கம் சொல்ல நல்ல ஊரத்தான் தேடி வந்திருக்க. இந்த மலேசியாவுல எவனாவது கொஞ்சம் ஏறுக்குமாறாப் பேசினா, "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவேன்"னு நம்ம ஊரு பேரத்தான் இழுப்பானுங்க. 1911ல கட்டின மனநல ஆஸ்பத்திரி நமக்குச் சேத்து வச்ச சொத்து அது. இங்கயே கிடந்து நரைச்சவன் சொல்றேன், கேட்டுக்கோ. ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கிறவங்க வேளைக்கு மருந்து சாப்பிட்டுட்டு அமைதியாத்தான் இருக்காங்க. ஈப்போவுல அஸ்லான் ஷா அரங்கத்துக்குப் போயிட்டுத் திரும்பி வர்ற கூட்டத்தைத்தான் கொஞ்சம் கவனிக்கணும். அவனுங்களுக்கு மருந்தும் கிடையாது, வார்டும் கிடையாது. "இத்தனை கார்னர் கிடைச்சும் ஒண்ணு கூடவா?"ன்னு பஸ் ஜன்னலப் பார்த்துப் பேசிக்கிட்டே வருவானுங்க.

சரி, உன் புகாருப் பட்டியல எடு. கோச் சரியில்ல. கேப்டனுக்குத் தலைக்கனம். அம்பயருக்குக் கண்ணு தெரியல. திடல்ல தண்ணி ஜாஸ்தி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். அவளாச்சும் ஆடிப் பார்த்துட்டுச் சொன்னா. நீ மேல உக்காந்து கச்சான் கொறிச்சவன், உனக்கும் கூடம் கோணலாத் தெரியுதா?

அப்புறம் கடைசியா ஒண்ணு சொன்னியே, அதத்தான் நான் ரசிச்சேன். "எல்லாம் நல்லாத்தான் போச்சு தாத்தா, கடைசி அஞ்சு நிமிஷத்துல விட்டுட்டானுங்க." அடப்பாவி, இது என்னமோ உன் காலேஜுக்கு மட்டும் வந்த வியாதின்னு நினைச்சியா? இது தேசியச் சொத்துடா. உன் பசங்க மரபு மீறாமத் தோத்திருக்கானுங்க, அவ்வளவுதான்.

1975ஐ எடுத்துக்கோ. நான் அப்ப மீசை அரும்பின பால்வெட்டுக்காரன். உலகக் கிண்ணம் கோலாலம்பூர்ல நடக்குது. தோட்டத்துல ரேடியோ இருந்த வீட்டுத் திண்ணையில லயமே கூடிடுச்சு. ஸ்ரீ சண்முகநாதன் கேப்டன். பூன் ஃபூக் லோக், மகேந்திரன்னு பேரு கேட்டாலே எங்க பயலுங்க நெஞ்ச நிமித்துவானுங்க. நெதர்லாந்தத் தோக்கடிச்சு அரையிறுதிக்கு வந்தாச்சு. எதிர்ல இந்தியா. 2-1ன்னு நாமதான் மேல. 70 நிமிஷ ஆட்டத்துல இன்னும் அஞ்சு நிமிஷம்தான் பாக்கி. அப்பத்தான் பெஞ்சுல உக்காந்திருந்த அஸ்லாம் ஷேர் கானை இறக்கினாங்க. அந்த மனுஷன் கழுத்துல கிடந்த தாயத்துக்கு ஒரு முத்தம் கொடுத்துட்டு பெனால்டி கார்னர அடிச்சாரு. 2-2. கூடுதல் நேரத்துல ஹர்சரண் சிங் இன்னொண்ணு போட்டாரு. முடிஞ்சது கதை. மூணாவது இடத்துக்கு மேற்கு ஜெர்மனியோட ஆடி, அதுலயும் 4-0ன்னு வாங்கிட்டு நாலாவது இடத்துல நின்னோம்.

மறுநாளு பெரட்டுக்கு வந்த பயலுங்க பாதிப் பேரு கழுத்துல தாயத்து. ஒருத்தனாவது, "அந்த ஆளு அந்த ஒரு அடிய எத்தனை ஆயிரம் தடவை அடிச்சுப் பழகியிருப்பாரு?"ன்னு கேட்டானா? கேக்கல. அரை நூற்றாண்டு ஓடிப் போச்சு. உலகக் கிண்ணத்துல அந்த நாலாவது இடத்தத்தான் இன்னும் நம்ம உச்சமாச் சொல்லிக்கிட்டிருக்கோம். தாயத்து வித்தவன் மட்டும் அன்னிக்கே ஜெயிச்சுட்டான்.

பழங்கதை பேசறேன்னு கொட்டாவி விடாத, உன் காலத்துக்கே வர்றேன். 2018, ஜகார்த்தா, ஆசிய விளையாட்டு. அரையிறுதியில இந்தியாவோட 2-2. அப்புறம் ஷூட்-அவுட்ல 7-6ன்னு ஜெயிச்சோம். கோல்கீப்பர் குமார் சுப்பிரமணியம் சுவரு கட்டி நின்னாரு. நீ கூட அன்னிக்கு என் முதுகுல ஒண்ணு போட்ட, இன்னும் வலிக்குது. இறுதியில ஜப்பான். ஜெயிச்சா தங்கம் மட்டுமில்ல, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு நேரா டிக்கெட். மளமளன்னு கோல் போட்டு முன்னால போனோம். அப்புறம் ஒவ்வொண்ணாத் திருப்பிக் கொடுத்தோம். கடைசி மூச்சுல 6-6. ஷூட்-அவுட்ல 3-1ன்னு ஜப்பான் எடுத்துட்டுப் போயிடுச்சு. ஆறு கோல் போட்டுட்டு வெள்ளி வாங்கறதுக்கெல்லாம் தனித் திறமை வேணும்டா.

2023, ஆகஸ்ட் 12. நம்ம மெட்ராஸ்ல, ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்துல, ஆசிய சாம்பியன்ஸ் டிராஃபி இறுதி. பாதி ஆட்டத்துல இந்தியாவ விட 3-1ன்னு மேல இருந்தோம். உன் பாட்டி சாமி ரூம்ல கற்பூரம் ஏத்தப் போனா. திரும்பி வர்றதுக்குள்ள, மூணாவது கால்பகுதியோட கடைசி நிமிஷத்துல ரெண்டு கோல். ஒரே நிமிஷத்துல! அப்புறம் 56ஆவது நிமிஷத்துல இன்னொண்ணு. 4-3. "ஏங்க, தப்பான நேரத்துல ஏத்திட்டேனோ?"ன்னு அவ கேட்டா. பாரு, பழிய ஏத்துக்க அவளாச்சும் இருந்தா. உன் பட்டியல்ல எல்லாரு பேரும் இருக்கு, உன் பேரு மட்டும் இல்ல.

இன்னும் கொஞ்சம் உப்புத் தடவட்டுமா? சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் நம்ம பேராக் சுல்தானா இருந்தவரு பேருல 1983லேருந்து நடக்குது. நம்ம ஊரு, நம்ம திடல், நம்ம மழை. 2007 இறுதியில ஆஸ்திரேலியாகிட்ட 3-1. 2009ல இந்தியாகிட்ட 3-1. 2013ல ஆஸ்திரேலியாகிட்ட 3-2. சரி நெருங்கிட்டோம், அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு 2014ல போனா 8-3. நாம கை தட்டி வழியனுப்ப, கிண்ணம் ஃப்ளைட் ஏறிப் போயிடும். ஒலிம்பிக் கதைய நீயே சொல்லு. 2000ல சிட்னிக்குப் போயி 11ஆவது இடம். அதுக்கப்புறம் பாரிஸ் வரைக்கும் ஒண்ணுக்கும் தகுதி பெறல. 2019ல லண்டனுக்கே போயி பிரிட்டன்கிட்ட ரெண்டு ஆட்டமும் தோத்தோம். 2024 ஜனவரியில மஸ்கட்டுக்குப் போயும் வெறுங்கையோட வந்தோம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கடைசி நிமிஷத்துல தோக்கறான் பாரு, அந்தத் தோல்விய அவன் கடைசி நிமிஷத்துல செய்யல. அதச் செய்ய வருஷக்கணக்கா ஆகும். நீ கண்ணத் தொறந்து பார்க்கிறது அந்த நிமிஷத்துல. அதனால அங்கதான் நடந்துச்சுன்னு நினைச்சுக்கற.

உன் தாத்தனுக்கு ஆட்டம் தெரியாதுன்னு நினைக்காத. நாங்க ஆடினது புல்லு. பந்து எந்தப் பக்கம் குதிக்கும்னு பந்துக்கே தெரியாது. 1976ல மாண்ட்ரியல் ஒலிம்பிக்ல செயற்கைத் தரைய விரிச்சான், ஆட்டம் ஓட ஆரம்பிச்சுது. 90கள்ல ஆஃப்-சைட எடுத்தான், இன்னும் வேகமா ஓடுச்சு. இப்ப 15 நிமிஷமா நாலு பகுதி. ஆள அநேகமா எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம், எத்தனை தடவை வேணும்னாலும் மாத்திக்கலாம். அப்ப நாலாவது பகுதியில யாரு ஜெயிப்பான்? பெஞ்சுல இருக்கிறவனும் களத்துல இருக்கிறவனும் சரிக்குச் சரியா இருக்கிற டீம் ஜெயிக்கும். நம்மகிட்ட ஏழெட்டுப் பேரு நல்லா ஆடுவான். மிச்சப் பேரு நல்லாக் கை தட்டுவான். அந்த ஏழெட்டுப் பேரு காலும் 50ஆவது நிமிஷத்துல, "ஐயா, நான் வர்றேன்"னு கும்பிட்டுட்டுப் போயிடுது. நீ அதுக்கு "மனத்திடம் போதல"ன்னு பேரு வைக்கிற. மனசு இருக்குடா, மாத்து ஆளுதான் இல்ல.

எனக்குத் தெரிஞ்ச தொழில்ல சொல்றேன். கித்தா மரத்த நட்டா, கத்தி வைக்கறதுக்கே அஞ்சாறு வருஷம் காத்திருக்கணும். அப்புறமும் நினைச்ச இடத்துல கீறிட முடியாது. இடது மேல, வலது கீழன்னு சாய்வாக் கோடு போட்டு, விடியறதுக்கு முன்னால போயி, பட்டைய நூலு மாதிரி சீவணும். பட்டைக்கு அடியில உசுரு ஓடற தோலு ஒண்ணு இருக்கு. அது மேல கத்தி படக் கூடாது. படாம, அதுக்கு மயிரிழை பக்கத்துல போகணும். அவசரக்காரன் ஆழமா இறக்குவான். அன்னிக்கு மங்கு நிறையும், அவனுக்குச் சந்தோஷம். ஆனா மரத்துல காயம் விழுந்துடும். அந்த இடத்துல பட்டை முண்டும் முடிச்சுமா வளரும், திரும்ப அங்க கத்தி ஓடாது. கங்காணி பார்த்தாருன்னா அன்னிக்குப் பொழுது நாறிடும். ஒரு பக்கத்த வெட்டி முடிச்சுட்டா, அங்க புதுப் பட்டை வர்ற வரைக்கும் மறுபக்கத்துக்குப் போகணும். புதுக் கன்னும் நட்டு வச்சிருக்கணும். நம்ம ஹாக்கியில என்ன பண்றோம்? நல்லாப் பால் கொடுக்கிற ஏழெட்டு மரத்த வருஷம் முழுக்க, அந்த லீக்குக்கும் இந்தக் கிண்ணத்துக்கும், ஒரே பட்டையில சீவறோம். கன்னு நடறதுக்கு ஆளு இல்ல. பாலு வத்தினதும் மரத்தத் திட்டறோம்.

கன்னு எங்க இருந்துச்சுன்னு தெரியுமா? ஈப்போவுல ஆண்டர்சன், செயின்ட் மைக்கேல், ஏ.சி.எஸ்.னு பள்ளிக்கூடத்துப் பசங்க ஒருத்தன ஒருத்தன் ஜென்ம விரோதி மாதிரி ஆடுவானுங்க. ஈப்போ பாடாங்ல ஆட்டம்னா, சந்தைக்கு வந்தவன் பையக் கீழ வச்சுட்டு நிப்பான். தோட்டத்துலயும் ஒரு திடல் இருந்துச்சு. கொய்யாக் கிளை வளைஞ்சிருந்தா அது ஸ்டிக். அப்புறம் தோட்டத்தத் துண்டு துண்டா வித்தாங்க. கித்தா போயி செம்பனை வந்துச்சு. லயம் காலியாச்சு, திடல் வீடமைப்பாச்சு. சனம் டவுனுக்கு வந்து அடுக்குமாடியில ஏறிடுச்சு. இப்ப ஒரு பையன் ஹாக்கி ஆடணும்னா செயற்கைத் திடலுக்குப் போகணும். அத விரிக்க லட்சக்கணக்குல வெள்ளி வேணும், அதனால எண்ணி சில இடத்துலதான் இருக்கு. போக வர வண்டி வேணும். நல்ல ஸ்டிக்குன்னா நூத்துக்கணக்குல வெள்ளி. அப்பன் ஒரு தடவை யோசிக்கிறான், ரெண்டு தடவை யோசிக்கிறான், மூணாவது தடவை பையனுக்கு ஃபுட்பால் வாங்கிக் கொடுத்துடறான்.

பொழுது போகலேன்னா சாயங்காலத்துல பள்ளிக்கூடப் பசங்க பயிற்சியப் போயிப் பார்ப்பேன். போன வாரம் பெனால்டி கார்னர் பழகிக்கிட்டிருந்தானுங்க. ஒருத்தன் பின்கோட்டுலேருந்து பந்தத் தள்றான். வட்டத்துக்கு வெளிய ஒருத்தன் குனிஞ்சு, ஸ்டிக்கத் தரையோட தரையாப் படுக்க வச்சு நிறுத்தறான். மூணாவது ஆளு அத இழுத்து வீசறான். பேரு வாங்கறது மூணாவது ஆளு. நான் பார்த்தது நடுவுல நின்னவன. பதிமூணு வயசு இருக்கும். பந்து ஸ்டிக்குல பட்டுச் செத்த மாதிரி நிக்கணும். ஒரு சாண் உருண்டாலும் வீசறவன் கால மாத்தி வைக்கணும், அதுக்குள்ள தடுக்கிறவன் ஓடி வந்துடுவான். பையனோட கை முட்டி தரையில தேஞ்சு, துணி சுத்தியிருந்தான். நிறுத்தறான், உருளுது. நிறுத்தறான், உருளுது. கோச் கத்தவும் இல்ல, பாராட்டவும் இல்ல, "இன்னொண்ணு"ன்னு மட்டும் சொன்னாரு. இருட்டற நேரத்துல ஒண்ணு நின்னுச்சு பாரு, ஆணி அடிச்ச மாதிரி. பையன் நிமிர்ந்து சுத்திப் பார்த்தான். கை தட்ட யாரு இருந்தா? நானும், ஒரு நாயும்.

அந்தப் பையன் இன்னும் பத்து வருஷம் கழிச்சு ஏதோ ஒரு இறுதியில, 58ஆவது நிமிஷத்துல குனிவான். அப்ப பந்து நிக்குதா உருளுதாங்கறது இப்ப முடிவாகிக்கிட்டிருக்கு. அன்னிக்கு அது உருண்டா, நீ சோபாவுல உக்காந்து "தூக்கி எறிங்கடா அவன"ன்னு கத்துவ. தூக்கறதுக்கு அவனுக்குப் பின்னால ஒருத்தன் இருக்கானான்னு மட்டும் பார்க்க மாட்ட.

சரி, வைத்தியம் கேட்டு வந்தவன வெறுங்கையோட அனுப்பக் கூடாது. எழுதிக்கோ.

முதல் மருந்து. உன் காலேஜ் டீமோட ரெண்டாவது கோல்கீப்பர் பேரு என்ன? என்ன முழிக்கிற? வருஷம் முழுக்க அவன் கவசத்த மாட்டிக்கிட்டு வேர்வையில ஊறி உக்காந்திருந்தான், உன்ன மாதிரியே அவனும் தோல்வியப் பார்த்தான். பேரு தெரியாத டீமுக்கு அழறது எழவு வீடு தெரியாம மாரடிக்கிற மாதிரி. பதினெட்டுப் பேரு பேரையும் மனப்பாடம் பண்ணு. அப்புறம் அழு, நானே துண்டு தர்றேன்.

ரெண்டாவது மருந்து. இறுதி ஆட்டத்துக்கு மட்டும் போற பழக்கத்த விடு. லீக்ல மழைத் தூறல்ல, காலி நாற்காலிக்கு நடுவுல ஆடறானே, அப்பப் போ. தெரங்கானுவும் தெனாகாவும் மோதின லீக்ல யூனிகேஎல்னு ஒரு பல்கலைக்கழகமும் இறங்கி ஆடியிருக்கு. படிக்கிற பசங்களால முடியாதுன்னு உன் காலேஜுக்கு நீ எழுதிக் கொடுத்த ஓலைய முதல்ல கிழிச்சுப் போடு.

மூணாவது மருந்து. கோச்ச மாத்தறதுக்கு முன்னால திடலுக்குப் போற பஸ்ஸ மாத்தச் சொல்லு. கோச்ச இந்த நாடு சட்டை மாத்தற மாதிரி மாத்திப் பார்த்துடுச்சு. உன் காலேஜுல இருக்கிற பழைய ஸ்டிக்குங்க எங்க கிடக்குன்னு தேடு. ஸ்டோர் ரூம்ல ஒட்டடை பிடிச்சுக் கிடக்கும். அதத் தூக்கிட்டு வந்து ஒரு தமிழ்ப் பள்ளியில கொடு. ஆரம்பத்துல அவனுங்களுக்கு அதுவே போதும். தோல்விக்கு நீ போட்ட ஸ்டேட்டஸ விட அது ரொம்ப நாளு நிக்கும்.

நாலாவது மருந்து, கொஞ்சம் கசக்கும். திட்டறத நிறுத்தச் சொல்லல. திட்டாத ரசிகன் இருந்தா அந்த ஆட்டம் செத்துப் போச்சுன்னு அர்த்தம். ஆனா விவரத்தோட திட்டு. "தண்டங்க"ன்னு சொல்றதுக்கு யாரு வேணாலும் போதும். "மூணாவது கால்பகுதியில ரைட் பேக்க ஏன்டா மாத்தல?"ன்னு திட்டறதுக்கு உக்காந்து பார்த்தவன் வேணும். அந்த மாதிரித் திட்டினா கோச்சே திரும்பிப் பார்ப்பாரு. ஒண்ணு உன்ன வெளிய அனுப்புவாரு, இல்ல பெஞ்சுல உக்கார வைப்பாரு. எதுவா இருந்தாலும் உனக்கு மரியாதைதான்.

நாளைக்குச் சாயங்காலம் என்னோட திடலுக்கு வா. அந்தப் பையனுக்குக் கை தட்ட நாயும் நானும் மட்டும் போதாது. பெட்ரோல் உன் செலவு, தே ஓ என் செலவு. சீனி கம்மியா போடச் சொல்லு, பாட்டிகிட்ட மட்டும் சொல்லிடாத.

என்ன, இன்னும் மூஞ்சி தெளியல? "நாம ஜெயிக்கவே மாட்டோமா தாத்தா?"ன்னா கேக்கற? நல்லாக் கேட்ட போ. தோத்ததையெல்லாம் வருஷத்தோட ஒப்பிச்சேனே, 2022ஐ விட்டுட்டேன்னு உனக்குத் தோணவே இல்ல பாரு. தோல்வின்னா உனக்கு அவ்வளவு ருசி. 2022 நவம்பர்ல, இதே ஈப்போவுல, கொரியாவ 3-2ன்னு சாய்ச்சு அஸ்லான் ஷா கிண்ணத்த முதல் தடவையா எடுத்தோம். 1983லேருந்து காத்திருந்த கிண்ணம். ஊதல் ஊதினதும் எனக்கு என்ன பண்றதுன்னே புரியல. தோத்தா எப்படி உக்காரணும், எப்படித் தலையில கை வைக்கணும்னு அத்துப்படி. ஜெயிச்சா என்ன செய்யணும்னு யாரு சொல்லிக் கொடுத்தா? பக்கத்துல நின்னவன இழுத்துக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு கத்தினேன். அவன் அசையவே இல்ல. அப்புறம்தான் சட்டையப் பார்த்தேன், கொரியாக்காரன்.